கொட்டாவி: பார்க்க, சோம்பல் முறித்தல்

எங்கள் அலுவலகத்தில் யாரும் எதையும் கண்டுபிடிப்பதில்லை. எங்கெங்கோ கண்டுபிடிக்கப்பட்டு, கட்டுரையாக எழுதப்பட்டு, ஆய்விதழ்களில் அச்சானவை எல்லாம் எங்களிடம் வந்து குவியும். ஒவ்வொரு கட்டுரையும் எதைப் பற்றியது என்று பார்த்து, அதன் தலையில் ஒன்று முதல் மூன்று சொற்களை இட்டு அனுப்புவது எங்கள் வேலை. பின்னால் வருகிறவர்கள் எங்கள் அடைவில் அந்தச் சொற்களை வைத்துத்தான் தேடுவார்கள். சொல் தவறினால் கட்டுரை கிணற்றில் போட்ட கல்.

சொற்களையும் நம் இஷ்டத்துக்கு இட முடியாது. சொற்பட்டியல் என்று ஒன்று உண்டு. ஒரு பொருளுக்கு ஒரு சொல்தான் என்பது அதன் முதல் விதி. மற்றச் சொற்கள் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்கு வழி காட்டிவிட்டு ஒதுங்கி நிற்கும். பசு என்று தேடினால், ‘பசு: பார்க்க, மாடு’ என்று வரும். நீங்கள் மாட்டுக்குப் போவீர்கள். அங்கே கட்டுரைகள் எல்லாம் வரிசையாக உங்களுக்காகக் காத்திருக்கும்.

பட்டியலை உருவாக்கியவர் எங்கள் தலைமைத் தொகுப்பாளர். மேடம் என்போம். பதினோரு வருட உழைப்பு. அவருக்கு உலகத்திலேயே பிடிக்காத சொல் ‘இதர’. ஒருமுறை காய்ச்சலோடு மருத்துவமனைக்குப் போனவர், படிவத்தில் ‘இதர’ என்ற கட்டத்தில் குறியிட மறுத்து நர்ஸோடு அரை மணி நேரம் வாதாடினார். காய்ச்சல் அதிலேயே இறங்கிவிட்டது என்றும் சொல்வார்கள்.

நான் மூச்சுப் பிரிவு. தும்மல், இருமல், குறட்டை, விக்கல், பெருமூச்சு எல்லாம் என் மேசைக்கு வரும். ஒரு நாளைக்கு முப்பது கட்டுரை முடிக்க வேண்டும். நான் பதினான்கு முடிப்பேன். மற்றவர்கள் தலைப்பையும் சுருக்கத்தையும் பார்த்துச் சொல்லைப் போட்டுவிடுவார்கள். எனக்கு முடிவு தெரியாமல் மூடி வைக்க வராது. நான்காம் பக்கத்தில் முயல்களுக்கு மூச்சுத் திணறுகிறது என்றால், அவை பிழைத்தனவா என்று பார்க்காமல் எப்படிச் சாப்பிடப் போவது? அதனால் எனக்கு அலுவலகத்தில் ‘கடைசிப்பக்கம்’ என்று பெயர். மேடம் மாலையில் ஒவ்வொருவரின் எண்ணிக்கையையும் ஒரு பேரேட்டில் குறிப்பார். என் பெயருக்கு நேரே எழுதும்போது மட்டும் பேனாவைக் கொஞ்சம் அழுத்துவார்.

நடைக்கு அந்தப் பக்கம் உடலசைவுப் பிரிவு. அங்கே இருப்பவருக்கு ‘அரைப்புள்ளி’ என்று பெயர். பேசிக்கொண்டே வந்து வாக்கியத்தின் நடுவில் நிறுத்திவிடுவார். முடிந்ததா, இன்னும் வருமா என்று தெரியாது. நாம் பதில் சொல்ல வாயைத் திறந்ததும் மிச்சம் வரும்.

எங்களுக்குள் சண்டை வந்தது கொட்டாவியால். கொட்டாவியையும் சோம்பல் முறிப்பதையும் ஆராய்கிறவர்கள் இரண்டையும் சேர்த்தே எழுதுவதால், இரண்டும் ஒரே பொருள் என்று பட்டியல் முடிவு செய்துவிட்டது. எந்தச் சொல் நிற்பது, எது வழிகாட்டிவிட்டு ஒதுங்குவது என்பதை மட்டும் நாங்கள் தீர்மானிக்க வேண்டும். நான் கொட்டாவி என்றேன். அவர் சோம்பல் முறித்தல் என்றார். ஒரு வாரம் நடந்தது. தண்ணீர்க் குழாயடியில் நடந்தது, மாடிப்படியில் நடந்தது, எழுத்து மூலமும் நடந்தது. கையை நீட்டாமல் கொட்டாவி விடுகிறவர்களைக் காட்டச் சொன்னார். வாயைத் திறக்காமல் சோம்பல் முறிக்கிறவர்கள் ஊர்ப்பட்ட பேர் இருக்கிறார்கள் என்றேன். வெள்ளிக்கிழமை மாலை அவர், “உங்களுக்கு மூச்சை விட்டா உலகத்துல” என்று நிறுத்தினார். நான் காத்திருந்தேன். “வேற எதுவுமே கிடையாதா?” என்று முடித்தார். பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மனது சரியில்லை. கேவலம் ஒரு கொட்டாவிக்காக ஒரு மனிதரை நோகடிக்க வேண்டுமா என்று இருந்தது. திங்கட்கிழமை காலை முதல் வேலையாக என் கொட்டாவியை மூடி, கட்டுரைகளை எல்லாம் அவர் பக்கம் தள்ளி, ‘கொட்டாவி: பார்க்க, சோம்பல் முறித்தல்’ என்று எழுதினேன். அவரிடம் சொல்லவில்லை. விட்டுக்கொடுத்ததைச் சொல்லிக்காட்டினால் அது என்ன விட்டுக்கொடுத்தல்? அன்று நடையில் எதிர்ப்பட்டபோது அவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். பார்த்துவிட்டார் போலிருக்கிறது என்று நானும் புன்னகைத்தேன். மூன்று மாதம் இப்படியே மிக நன்றாகப் போயிற்று.

ஒரு திங்கட்கிழமை பதினோரு மணிக்கு ஒரு அம்மாள் வந்தார். ஐம்பது வயதிருக்கும். தோளில் துணிப்பை. வலது உள்ளங்கையில், வாசலில் ஆள் கணக்கு எடுக்கிறவர்கள் வைத்திருப்பார்களே, அழுத்தினால் எண் ஏறும் சின்ன இயந்திரம், அது ஒன்று இருந்தது. கொட்டாவியைப் பத்தொன்பது வருடமாக ஆராய்கிறவர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். அதைக் கேட்டதும் எனக்கு ஒரு கொட்டாவி வந்தது. டிக் என்று அழுத்தினார்.

“தப்பா நினைக்காதீங்கம்மா, கை பழகிடுச்சு” என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார். “உங்க அடைவுல நாற்பது நிமிஷமா சுத்திட்டு இருக்கேன். கொட்டாவின்னு போட்டா சோம்பல் முறித்தலைப் பாருங்குது. அங்க போனா கொட்டாவியைப் பாருங்குது. செக்குமாடு கூட சாயங்காலம் வீட்டுக்குப் போகும்மா.”

நான் போட்டுப் பார்த்தேன். கொட்டாவி, பார்க்க, சோம்பல் முறித்தல். சோம்பல் முறித்தல், பார்க்க, கொட்டாவி. நடைக்கு அப்பால் எட்டிப் பார்த்தேன். அரைப்புள்ளி என்னைப் பார்த்து வழக்கம்போலப் புன்னகைத்தார்.

நடந்தது இதுதான். மூன்று மாதத்துக்கு முன்னால், நான் என் சொல்லை மூடிய அதே திங்கட்கிழமை காலை அவரும் மனம் கேட்காமல் தன் சொல்லை மூடி, என் பக்கம் கை காட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். நான் என் கதவைச் சாத்தி, ‘எதிர் வீட்டைத் தட்டவும்’ என்று எழுதியிருக்கிறேன். எதிர் வீட்டில் அவரும் அதையே எழுதியிருக்கிறார். அறுபத்தொரு கட்டுரைகள் நடுத்தெருவில். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நாங்கள் அறுபத்தொரு பூசணிக்காயை மறைத்திருந்தோம், அதுவும் அன்பினால்.

கொட்டாவி அம்மாளுக்கு இது சிரிக்கிற விஷயம் இல்லை. அவர் வேலை செய்யும் ஆய்வு நிறுவனத்தில் இடநெருக்கடி. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு குழு கூடி, எந்த ஆய்வறை நீடிக்கும், எது மூடப்படும் என்று முடிவு செய்யும். குழுவுக்கு ஆய்வு புரிய வேண்டியதில்லை. எங்கள் அடைவில் அந்தப் பொருளுக்கான பக்கத்தை அச்செடுத்துப் பார்ப்பார்கள். பத்து வருடத்தில் முப்பது கட்டுரையாவது இருந்தால் அது உயிருள்ள துறை. ஒன்று குறைந்தாலும் அறையைக் காலி செய்ய வேண்டும். பக்கத்து அறை சிமெண்ட்காரர்களுடையது. சிமெண்டுக்குப் பதினோராயிரம் கட்டுரை. அவர்கள் இந்த அம்மாளின் அறையை ஏற்கெனவே டேப் வைத்து அளந்துவிட்டார்கள்.

“போன வாரம் ஜன்னலுக்குத் திரைத்துணி அளவும் எடுத்துட்டுப் போயிட்டாங்க” என்றார். “பத்தொன்பது வருஷம். எங்க வீட்டுக்காரர் கூட, நீ என்னத்த ஆராயறேன்னு கேட்டுக் கேட்டு இப்பதான் ஓய்ஞ்சிருக்கார். அறை போச்சுன்னா திரும்பவும் கேப்பார்.”

அடைவு புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்படும். அதற்குமுன் ஏறாதது அடுத்த வாரம்தான். அரைப்புள்ளியையும் அழைத்துக்கொண்டு மேடத்திடம் போனோம். அவர் திரையை ஒரு முறை பார்த்தார், எங்கள் இருவரையும் ஒரு முறை பார்த்தார்.

“சண்டை போட்டா சொல்லிட்டுப் போடுங்க” என்றார். “சமாதானம் ஆனாலும் சொல்லிட்டு ஆகுங்க.”

ஒரு சொல்லைத் திறந்துவிட்டால் தீர்ந்தது என்றார். எந்தச் சொல் என்று கேட்டார். நான் அரைப்புள்ளியுடையதே இருக்கட்டும் என்றேன். அவர் இல்லையில்லை, அவங்களுடையதே என்று ஆரம்பித்து நிறுத்தி, இருக்கட்டும் என்று முடித்தார். மேடம் பேனாவை மேசைமேல் போட்டார். “என்ன இது, கல்யாண வீட்டு நாற்காலியா? நீங்க உட்காருங்க, நீங்க உட்காருங்கன்னு?”

அப்போதுதான் கொட்டாவி அம்மாள் வாயைத் திறந்தார். இரண்டும் ஒன்றே இல்லையாம். கூடப் பிறந்தவை, அவ்வளவுதானாம். அதைச் சொல்லத்தான் பத்தொன்பது வருடமாக எழுதுகிறாராம். பக்கத்தின் தலையில் சோம்பல் முறித்தல் என்று இருந்தால் குழு அவரை உடற்பயிற்சிக் கூடத்துக்கு அனுப்பிவிடும். ஆகவே இரண்டு சொல்லும் தனித்தனியாக நிற்க வேண்டும், நடுவில் ‘மேலும் பார்க்க’ என்று ஒரு பாலம் போட்டுக்கொள்ளலாம் என்றார். தன் பட்டியலில் ஒரு பிழை என்பதைக் கேட்கும்போது மேடத்தின் முகம், குழந்தைக்குப் பல் கோணல் என்று கேட்கும் தாயின் முகம்போல ஆயிற்று. ஆனால் அந்த அம்மாளின் ஒரு கட்டுரையை வாங்கிப் படித்துப் பார்த்து, ஒப்புக்கொண்டார். அறுபத்தொன்றையும் பிரிக்க வேண்டும். தலைப்பைப் பார்த்துப் பிரிக்க முடியாது. ஒவ்வொன்றையும் கடைசிவரை படிக்க வேண்டும். மேடம் என் பக்கம் திரும்பினார். என் வியாதியை மருந்தாக அவர் பார்த்தது அன்றுதான்.

முப்பத்தொன்று எனக்கு, முப்பது அரைப்புள்ளிக்கு. உட்கார்ந்தோம்.

கொட்டாவியைப் பற்றிப் படிக்கிறவருக்குக் கொட்டாவி வரும். அதைப் பார்க்கிறவருக்கும் வரும். திங்கட்கிழமை மதியத்துக்குள் மூச்சுப் பிரிவு, உடலசைவுப் பிரிவு, நடையில் டீ கொண்டுவந்தவர், அவரிடம் டீ வாங்கிய கணக்குப் பிரிவு என்று வரிசையாகப் பரவிவிட்டது. கொட்டாவி அம்மாள் வீட்டுக்குப் போக மனமில்லாமல் மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவ்வப்போது டிக், டிக் என்று கேட்கும். கவலையில் இருக்கிற மனிதரை வேலை செய்ய வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

படிக்கப் படிக்கத்தான் எத்தனை பொய்ச் சொற்கள் உள்ளே புகுந்திருந்தன என்று தெரிந்தது. ‘கொட்டாவி விடும் பாலங்கள்’ என்று ஒன்று. பாலத்து இணைப்புகளில் விரியும் இடைவெளி பற்றியது, எழுதியவர்கள் சிமெண்ட்காரர்கள். நான் சேருவதற்கு முன், தலைப்பை மட்டும் பார்த்த யாரோ மூச்சுப் பிரிவுக்குத் தள்ளியிருந்தார்கள். இன்னொன்று சோம்பல் முறித்தல் என்று தொடங்கி, தொழிற்சாலை நாற்காலி விற்பதில் முடிந்தது. முதல் பக்கத்தோடு நிறுத்தியிருந்தால் தெரிந்திருக்காது.

செவ்வாய் மாலை பதினோரு கட்டுரைகளை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா பேருந்து ஓட்டுநர், அதிகாலை வண்டி. ஏழு மணிக்கே சாப்பிட உட்கார்ந்துவிடுவார். எதிரில் உட்கார்ந்து படித்துக்கொண்டே நான் ஒரு கொட்டாவி விட்டேன். அப்பா வாங்கிக்கொண்டு அம்மாவிடம் தள்ளிவிட்டார்.

“உங்க ரெண்டு பேருக்கு நடுவுல உட்கார்ந்தா எனக்கு வாய் சுளுக்கிக்கும்” என்று அம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டார்.

போன வருடம் ஒரு பயணி, ஓட்டுநர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே கொட்டாவி விட்டார், தூங்கிவிடுவாரோ என்று பயந்தேன் என்று புகார் எழுதிவிட்டார். அப்பா விளக்கக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. அந்த வருத்தம் அவருக்கு இன்னும் உண்டு. அன்றும் சொன்னார். “தூங்கப் போறவன் எதுக்கும்மா கொட்டாவி விடப்போறான்? அவன் பாட்டுக்குத் தூங்கிடுவான். முழிச்சிருக்கணும்னு நினைக்கிறவன்தான் விடுவான்.”

கொட்டாவி அம்மாளின் பதினேழு கட்டுரைகளும் ஏறத்தாழ இதையேதான் சொல்லின, இருநூறு பக்கம் அதிகமாக. ஆனால் இதை வேறு எங்கேயோ படித்திருக்கிறேன் என்று தோன்றியது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

புதன்கிழமை மூன்றரை மணிக்கு இரண்டு பேரின் கட்டும் முடிந்தது. எதிலும் சேராதவை எட்டு. சோம்பல் முறித்தல் மட்டும் இருபத்து நான்கு. கொட்டாவி இருபத்தொன்பது.

மறுபடி எண்ணினோம். இருபத்தொன்பதுதான்.

அரைப்புள்ளி மெல்ல அந்தப் பாலக் கட்டுரையை எடுத்து மேசையின் நடுவில் வைத்தார். “இது ஒன்னு பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே” என்றார். நிறுத்தினார். “இத்தனை நாளா இருந்ததுதானே.”

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. மேடத்தைப் பார்த்தேன். ‘இதர’வுக்குக்கூட இறங்காத மனுஷி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொட்டாவி அம்மாள் எழுந்து வந்து பாலத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு திரும்ப ஒதுக்கிய கட்டுக்குள்ளேயே வைத்தார்.

“பாலம் கொட்டாவி விடாதும்மா” என்றார். “சிமெண்ட்காரங்களுது அவங்களுக்கே இருக்கட்டும். அப்புறம் நான் என்னத்த ஆராயறேன்னு எனக்கே சந்தேகம் வந்துடும்.”

துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். உள்ளங்கை இயந்திரத்தையும் பைக்குள் போட்டுவிட்டார். மூன்று நாளில் அவர் கையை வெறுமையாகப் பார்த்தது அப்போதுதான். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு அப்பாவின் ஸ்டியரிங் ஞாபகம் வந்தது. ஸ்டியரிங்கிலிருந்து ஒரு அட்டவணை. பதினான்காம் பக்கம், மூன்றாம் அட்டவணை. அதிகாலை வண்டி எடுப்பதற்கு முந்தைய பத்து நிமிடத்தில் ஓட்டுநர்கள் விடும் கொட்டாவிகளின் கணக்கு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வந்த கட்டுரை. கடைசிவரை படித்து, வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொல்லிவிட்டு, தலையில் மட்டும் ‘பேருந்துகள்’, ‘சாலைப் பாதுகாப்பு’ என்று இட்டு அனுப்பியிருக்கிறேன். மூன்றாவது இடம் காலி.

பேருந்துகளில் நானூறு கட்டுரை. சாலைப் பாதுகாப்பில் எண்ண முடியாது. தலைப்பு ஞாபகமில்லை. எழுதியவர் ஞாபகமில்லை. அன்று மேடத்திடம் வாங்கிய திட்டு மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. அந்தக் கட்டுரையிலேயே பாதி நாள் போய், மொத்தம் ஒன்பதுதான் முடித்திருந்தேன். என் வாழ்நாளின் மிகக் குறைந்த எண்ணிக்கை.

“மேடம், பேரேடு” என்றேன்.

அவர் கேள்வி கேட்காமல் திறந்தார். என் பெயருக்கு நேரே பதினான்கு, பதிமூன்று, பதினைந்து என்று போய், ஒரு ஒன்பது. தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டிருந்தார். தேதி கிடைத்தது. அன்றைய ஒன்பது கட்டுரைகளை எடுத்தோம். ஆறாவதில் பேருந்து நின்றது.

மணி நான்கு நாற்பது. நான் மூன்றாவது சொல்லை இடப் போனபோது அரைப்புள்ளி கையை நீட்டித் தடுத்தார். ஒரு அட்டவணை இருந்தால் போதாது, ஒரு பகுதியாவது அந்தப் பொருளைப் பேச வேண்டும், விதி அப்படி என்றார். அட்டவணைக்குக் கீழே விளக்கம் இருக்கிறது என்றேன். அது கவனச்சிதறலைப் பற்றியது என்றார். படிக்காமல் பேசாதீர்கள் என்றேன். படித்ததனால்தான் பேசுகிறேன் என்றார். மூன்று மாதத்துக்குப் பிறகு மறுபடி சண்டை, அவர் வாக்கியங்களும் முதல்முறையாக நிற்காமல் முழுசாக வந்தன. எனக்கு ஒரு பக்கம் ஆத்திரம், இன்னொரு பக்கம், என்ன சொல்வது, நன்றாகவே இருந்தது.

“எத்தனை பக்கம்?” என்றார் மேடம்.

இருவரும் சேர்ந்து எண்ணினோம். அட்டவணையைத் தள்ளி, கொட்டாவியைப் பற்றி மட்டும் இரண்டேகால் பக்கம்.

“போடு.”

போட்டேன். நான்கு ஐம்பத்திரண்டு. முப்பது. மேடம் நாற்காலியில் சாய்ந்து, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, வாயைப் பெரிதாகத் திறந்தார். கொட்டாவி அம்மாள் அவசர அவசரமாகப் பைக்குள் கையை விட்டுத் துழாவினார். டிக்.

வியாழக்கிழமை மதியம் கொட்டாவி அம்மாள் போன் செய்தார். குழுத் தலைவர் முப்பது தலைப்பையும் ஒவ்வொன்றாக உரக்கப் படித்தாராம். ஏழாவதில் அவருக்கே வந்துவிட்டதாம். பத்தாவதில் குழு முழுவதும். அளவு எடுக்க வந்து உட்கார்ந்திருந்த சிமெண்ட்காரர் வாயைக் கையால் பொத்திப் பார்த்தும் முடியவில்லையாம். முப்பதாவதை முடித்துவிட்டு, உயிருள்ள துறைதான் என்று தலைவர் கண்ணில் நீரோடு சொன்னாராம். அறை நிலைத்தது. திரைத்துணியைச் சிமெண்ட்காரர்கள் ஏற்கெனவே தைத்துவிட்டதால், வீணாகப் போக வேண்டாம் என்று அதையும் கொடுத்துவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து என் மேசைக்கு ஒரு புதுக் கட்டுரை வந்தது. ‘முடிவெடுக்கும் குழுக்களில் கொட்டாவி: ஒரு கூட்டத்தின் பன்னிரண்டு நிமிடப் பதிவு.’ கடைசிப் பக்கம்வரை படித்தேன். அடிக்குறிப்பில், எண்ணிக்கை எடுக்கப்படுவது பங்கேற்பாளர்களுக்கு முன்பே தெரிவிக்கப்பட்டது, ஆனால் பயனில்லை என்று இருந்தது. ‘கொட்டாவி’ என்று இட்டுவிட்டு, முதல் இடத்தில் அது நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடையைத் தாண்டி அரைப்புள்ளி வந்தார். தோளுக்குமேலாக எட்டிப் பார்த்தார்.

“முதல் இடத்துல ‘கூட்டம் நடத்துதல்’தான் வரணும்” என்றார்.

வராது என்றேன். ஏன் வராது என்று ஆரம்பித்தார். பதினைந்து நிமிடத்தில் எங்கள் குரல் கணக்குப் பிரிவுவரை போயிருக்க வேண்டும். மேடத்தின் அறைக்கதவு ஒரு சாண் திறந்தது.

“சொல்லிட்டுத்தானே போடுறீங்க?”

“ஆமா மேடம்” என்றோம், இருவரும் ஒரே நேரத்தில்.